மீன் குழம்புப் படம்

ஹெப்பகோடி,
12.9.1998

அன்புள்ள அப்பாவுக்கு மித்ரா எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம். ஓவர்டைமில் உடம்புதான் அசந்துபோகிறது.

வாரப் பத்திரிகைகளில் வரும் சமையல் படங்களை வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். குழம்பில் மிதக்கும் எண்ணெய்கூட அதில் பளபளக்கும். வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தால்தான் சமைக்கக் கை எழுகிறது. போன மாதம் ஒரு ஞாயிறு, அதேபோல மீன் குழம்பு வைத்தேன். கூடத் தங்கியிருக்கும் மமதா கேமரா இரவல் வாங்கி வந்தாள். ஜன்னலோரம் நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, வெயிலுக்காகக் காத்திருந்தோம்.

“ஆறிப்போச்சுடி, சாப்டலாம் வா,” என்றாள்.

“இரு, மேகம் விலகட்டும்.”

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குழம்பு கறுப்பாக விழுந்துவிட்டது. ஆனால் மீன் துண்டு உடையாமல் இருப்பதைப் பாருங்கள். எப்படி இருக்கிறதென்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் அரைத்த மல்லித்தூளும் கொஞ்சம் அனுப்புங்கள்.

என் கையில் தெரியும் கட்டு, கம்பெனியில் இஸ்திரிப்பெட்டி சுட்டதற்குப் போட்டது. இப்போது ஆறிவிட்டது. அம்மாவிடம் காட்டும்போது அந்த ஓரத்தை மடித்துவிடுங்கள்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

மகள்
சங்கமித்ரா