முள்சங்கு மாலை

அன்பு மனைவிக்கு,

மகள் கல்யாண அலைச்சலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம், என் தொப்பை அதைவிட நலம்.

உனக்கு மாலை கோக்கலாமென்று ஒரு கைப்பிடி குட்டி முள்சங்குகளைப் பொறுக்கி, காலி ஓடுதானே என்று பண்ணையில் சிப்பி வளர்க்கும் தொட்டியில் ஊறப்போட்டேன். அத்தனையும் உயிருள்ள நத்தைகள்! சிப்பிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துத் தின்று, முட்டையும் இட்டுவிட்டன.

"உன் விருந்தாளிங்க கடைசி ஆள் வரைக்கும் பொறுக்கிட்டு ஊருக்குக் கிளம்புய்யா" என்று முதலாளி என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிட்டார். பொறுக்கப் பொறுக்கப் புதுசாய் வருகின்றன.

கவலைப்படாதே. குஞ்சுகள் கடுகளவு, என் மூக்குக்கண்ணாடியை மட்டும் உடனே அனுப்பு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. எதற்கும் மணமேடையில் என் இடத்தில் நிற்க என் தம்பியிடம் சொல்லிவை. அவனுக்கும் என் மூக்குதான், போட்டோவில் வித்தியாசம் தெரியாது.

உன் வீட்டுக்காரன்