அறுபது மைலுக்கு அப்பால் இன்சுலின்

தம்பி,

நீ கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பிய பன்றித்தொடை இறைச்சி வந்தது.

ஏழைகளுக்கென்று மாவட்ட ஆஸ்பத்திரி சலுகை விலையில் வாங்கும் இன்சுலினை இதுவரை எங்கள் மருந்துக்கடையிலேயே கொடுத்துவந்தோம். இனி ஆஸ்பத்திரிக்கே போய்த்தான் வாங்க வேண்டுமாம். அந்த இன்சுலினைத் தயாரிக்கும் உன் கம்பெனியின் உத்தரவு. கீழே உன் கையெழுத்து.

நமக்குச் சர்ச் பாட்டு சொல்லிக்கொடுத்த எர்லீன் அத்தை கடைக்கு வந்தாள். "அறுபது மைல் எப்படிடி போவேன்? மிசிசிப்பி பருத்திக்காட்டுல பஸ்ஸா ஓடுது? இருக்கறதைப் பாதிப்பாதியா போட்டுக்கறேன். உன் தம்பி பெரிய ஆளாயிட்டானாமே, நல்லா இருக்கட்டும்!" என்று சிரித்தாள்.

சனிக்கிழமை அத்தையை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களின் சாப்பாட்டு மேசையில், உன் பெயர்ச்சீட்டோடு அந்தத் தொடையை வைத்தேன். ஊரே பசியோடு வந்திருந்தது. ஒருவரும் தொடவில்லை.

அப்படியே திருப்பி அனுப்புகிறேன். நீயே தின்று தீர்.

உன் அக்கா