காளைப்பறவை ஆடும் சரிவு

எலேச்சோஸ்,
ஏப்ரல் 3, 2006

மதிப்பிற்குரிய பொக்லைன் ஓட்டுநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பெயர் தெரியாததால் இப்படி எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஊரில் வழிகாட்டியாக இருக்கிறேன். சனிக்கிழமை சாலை மேல் மலை சரிந்ததில் என் குழு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தாங்கள் அதை அகற்ற வந்திருப்பதாக, எங்களிடம் பால் வாங்கும் டோனா ரொசால்வா பள்ளத்துக்கு அக்கரையிலிருந்து கூவிச் சொன்னார்.

தங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். விடியற்காலையில் மட்டும் இயந்திரத்தை ஓட்டாமல் இருக்க முடியுமா? பனி விலகும் அந்த நேரத்தில்தான் காடு பேசும். இவர்கள் கொலம்பியாவிலிருந்தும் சிலியிலிருந்தும் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். யார் துணையும் இல்லாமல் நானே நடத்தும் முதல் பயணம் இது. இதில் வரும் பணத்தில் பாதி, மலைமுகட்டுக் காட்டைக் காக்க ஊர்க்குழுவுக்குப் போகிறது. பொக்லைன் உறுமினால் ரீங்காரச் சிட்டுகூட வாசலுக்கு வருவதில்லை.

பள்ளத்துக்குக் குறுக்கே கம்பியில் போகும் பால் தொட்டிலில் கொஞ்சம் சீஸும் அவித்த சோளமும் அனுப்பியிருக்கிறேன். தொட்டில் கம்பி பழசு, பால் கேனும் கடிதமும் தாங்கும். ஆள் ஏற வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
நெலிடா தாப்பியா

*

சரிவுக்கு இந்தப் பக்கம்,
ஏப்ரல் 4

அன்புள்ள வழிகாட்டிக்கு,

ஓட்டுநரின் பெயர் உபால்டோ செதெனியோ. இரண்டு வருஷம் முன்புவரை உன் வீட்டில்தான் இருந்தான். உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது. ‘தாங்கள்’ என்று நீ என்னை எழுதுவதைப் படிக்க இன்னொரு மலை சரிந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ரொசால்வாவுக்கு ஒரே சிரிப்பு. “யாருன்னு தெரியாமயா உம் பொண்டாட்டி சீஸ் அனுப்பியிருக்கா?” என்றாள். “தெரிஞ்சிருந்தா சீஸ் வந்திருக்குமா?” என்றேன். “அது சரி, அப்ப தின்னுட்டே பதில் போடு” என்றாள். தின்றுவிட்டேன். நீ போட்ட உப்புதான்.

நான் கேட்டு வரவில்லை. சாந்தோ தொமிங்கோ சாலை அலுவலகத்தில் யாரை அனுப்புவது என்று பார்த்தார்கள், இந்த மலையில் ஏற்கனவே ஓட்டியவன் நான் ஒருவன்தான். சரி, விடிகாலையில் இயந்திரம் ஓடாது. என்ஜினியர் சோலோர்சானோ எப்படியும் வெயில் ஏறித்தான் வருகிறார்.

ஒரு விஷயம். மேல்சரிவில், உங்கள் பக்கத்தில், யாருடைய மாடோ மாட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று விடியும்போது பனிக்குள்ளிருந்து கத்தியது, இன்றும் கத்துகிறது. அடித்தொண்டையில், காளை மாதிரி. இந்தப் பக்கமிருந்து ஏறிப் பார்க்க வழியில்லை. பாவம், யாரையாவது கயிற்றோடு அனுப்பு.

உபால்டோ

*

எலேச்சோஸ்,
ஏப்ரல் 5

உபால்டோ,

மாடு இல்லை. அது மாடே இல்லை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ஊர்க்குழுத் தலைவர் டான் ஃபகுண்டோவிடம் படித்துக் காட்டினேன். அவர் வாயருகே கொண்டுபோன கரண்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். “மேல்சரிவுல யாருக்கும்மா மாடு இருக்கு? புல்லே இல்லியே” என்றார். பிறகு மெதுவாக, “காளைப்பறவையா இருக்குமோ?” என்றார். நீங்கள் கடற்கரைக்காரர், உங்களுக்குத் தெரியாது. மரம் வெட்டுகிறவர்கள் வந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் அது கத்தியதே இல்லை. எனக்கே பெயர்தான் தெரியும், குரல் தெரியாது.

இன்று இருட்டு கலையும் முன் எல்லோரும் ஏறினோம். சிலியிலிருந்து வந்த அக்கா தங்கை, இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கையையும் காலையும் ஊன்றி ஏறினார்கள். கொலம்பியாக்காரர் அனிபால் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர், எனக்கு மூச்சு வாங்கினால் அவர் எனக்குத் தைரியம் சொல்கிறார். சரிவின் விளிம்பில் பெரணிகளுக்குள் குந்தினோம். பனி. ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்தக் குரல், காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் இடித்தது. பனி ஒரு பக்கமாக ஒதுங்கியது. எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது உபால்டோ. காக்கைக் கறுப்பு. கொண்டை முன்னால் சாய்ந்து அலகை மூடிக் குடை பிடித்திருந்தது. கழுத்திலிருந்து என் முழங்கை நீளத்துக்கு ஒரு தாடி, இறகு ஒட்டிய கறுப்புப் பை மாதிரி. குனிந்து அதை ஊதி ஆட்டிவிட்டுக் கத்தியது. அடுத்த மரத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. அதற்கு மேலிருந்து இன்னொன்று. ஆண்கள் எல்லாம் கூடிப் பெண்ணுக்கு ஆடிக் காட்டும் இடம் அது.

அனிபால் பைனாகுலரை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா அழுதார். தங்கைக்காரி என் கையை நெரித்தது இன்னும் வலிக்கிறது. கீழே வந்தபோது ஊரே வாசலில் நின்றது. முந்தாநாள் வரை “நெலிடா, எங்கூட்டுக் கோழியும் பறவைதான், பாத்துட்டு காசு குடு” என்று கேலி பேசியவர்கள், “நாங்க எப்ப போய்ப் பாக்கறது?” என்கிறார்கள்.

பால் கேனுக்குள் துணி சுற்றி என் பைனாகுலரை அனுப்புகிறேன். காலையில் உங்கள் பக்கத்திலிருந்து நேராக மேலே பாருங்கள், பட்டுப்போன பெரிய மரத்துக்கு இடப்பக்கம். ஜாக்கிரதை, பைனாகுலர் என்னுடையது மட்டுமல்ல, ஊர்க்குழுவுடையதும்.

நெலிடா

பின்குறிப்பு: பாதையை எந்த வழியாக வெட்டப்போகிறீர்கள்?

*

சரிவுக்கு இந்தப் பக்கம்,
ஏப்ரல் 6, காலை

நெலிடாவுக்கு,

பார்த்தேன். பொக்லைன் கூரைமேல் ஏறி நின்று பார்த்தேன். அந்தத் தாடி நீண்டு தொங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தும் பெண் பறவை வந்ததா என்றால் இல்லை. பாவமாக இருந்தது. ரொசால்வா பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டு திருப்பித் தர மாட்டேன் என்றாள். “இத்தன வருஷம் பால் வாங்கறேன், மேல ஒரு தடவ தலய தூக்கிப் பாத்ததில்ல” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் பின்குறிப்புக்கு வருகிறேன். என்ஜினியர் மேல் வழியாகத்தான் வெட்டச் சொல்கிறார். பழைய சாலையின் விளிம்பு ஆற்றோடு போய்விட்டது. மேல்சரிவில் மரங்களைச் சாய்த்துப் படி மாதிரி புதிதாக ஒரு தடம் வெட்டினால் சீக்கிரம் முடியும். அந்தப் பட்டுப்போன மரம், அதற்கு இடப்பக்கம், எல்லாம் அதில் போகும்.

நெலிடா, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே சரிவுக்காகத்தானே நாம் சண்டை போட்டோம். மாடு மேய்க்கக் கொஞ்சம் வெட்டுவோம் என்றேன். “வெட்டினா நான் இங்க இருக்க மாட்டேன்” என்றாய். வெட்டவில்லை, நான்தான் இங்கே இல்லாமல் போனேன். அப்போது எனக்கு மேலே தெரிந்தது வெறும் மரம். நீ என்னைவிட மரத்தைப் பெரிதாக நினைத்தாய் என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். இன்று காலை கூரைமேல் நின்றபோது கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என்ஜினியரிடம் பேசிவிட்டேன். கீழ் விளிம்போடே நான் போகிறேன் என்றேன். “வண்டி ஆத்துல எறங்கினா?” என்றார். “வண்டிக்கு நீங்க பொறுப்பு, எனக்கு நான் பொறுப்பு” என்றேன். மத்தியானம் தொடங்குகிறேன்.

உபால்டோ

*

எலேச்சோஸ்,
ஏப்ரல் 6, மத்தியானத்துக்கு முன்

உபால்டோ,

போகாதே. விளிம்புக்குப் போகாதே. மேலேயே வெட்டு. மரம் விழட்டும், பறவை வேறு எங்காவது போகட்டும், போகாமலும் போகட்டும். எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த மண் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், சனிக்கிழமை அது சரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இவர்கள் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவார்கள், எனக்கு மனம் மாறிவிடும். அதற்குள் தொட்டிலை இழுத்துவிடுகிறேன். ரொசால்வா, நீங்கள் இதைப் படித்தால், படிப்பீர்கள் என்று தெரியும், ஓடிப்போய் அவன் கையில் கொடுங்கள். இப்போதே.

நெலிடா

*

சரிவுக்கு இந்தப் பக்கம்,
ஏப்ரல் 7

அன்புள்ள நெலிடாவுக்கு,

ரொசால்வா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். நான் சாவியைத் திருப்பப் போகிற நேரம். “எறங்குடா கீழ” என்று கத்தினாள். உன் கடிதத்தை அவளே சத்தமாகப் படித்தாள், வேலையாட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என்னை ‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

போகவில்லை. நான் ஒன்றும் வீரன் இல்லை. ஆனால் மேலேயும் வெட்டவில்லை. என்ஜினியரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், கிடங்கில் கம்பிக்கூடைகள் கிடக்கின்றன, கல் நிரப்பி விளிம்பில் அடுக்கினால் கீழ் வழி தாங்கும், ஆனால் நிரப்ப ஆள் கிடையாது என்றார். கூடைகளைத் தொட்டிலிலேயே மடித்து அனுப்புகிறேன். கல் உங்கள் பக்கத்து ஓடையில்தான் இருக்கிறது, கையும் உங்கள் பக்கத்தில்தான். என் பக்கம் நானும் ரொசால்வாவும் பால்காரர்களும். ஊரைக் கேட்டுப் பார். உன் விருந்தாளிகளையும் கேள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றால்.

உபால்டோ

*

எலேச்சோஸ்,
ஏப்ரல் 10

அன்புள்ள உபால்டோ,

கோபமா? பயணத்துக்கு இப்படியொரு நிகழ்ச்சி இருக்கிறது என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அனிபால் என்னிடம் சண்டைக்கு வருகிறார். வாழ்நாள் எல்லாம் மண்சரிவுக்கு முன்னால் பேருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாராம், ஒரு தடவையாவது பதிலுக்கு ஏதாவது செய்கிறேன் என்கிறார். ஓடையிலிருந்து வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றுகிறோம். சிலி அக்கா, தன் வகுப்புப் பிள்ளைகளைப் போல எங்களை வரிசை பிடிக்க வைத்து, “பேசாம தள்ளுங்க, பேசாம” என்று அதட்டுகிறாள். டான் ஃபகுண்டோவே ‘சரிங்க டீச்சர்’ என்கிறார்.

காலையில் பறவை, பிறகு கல். அதுதான் எங்கள் நாள். மேலே காளைப்பறவை கத்தும்போது கல் அப்படியே கையில் நிற்கும். ஊரில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். இருக்கிற அறைகள் போதாமல் அனிபால் டான் ஃபகுண்டோ வீட்டில் படுக்கிறார், இரண்டு பேரும் சீட்டாட்டத்தில் சண்டை. கேஸ் தீர்ந்து விறகில் சமைக்கிறோம், வெல்லத் தண்ணீர் புகை வாசனை அடிக்கிறது, அதுவும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் பெண் பறவை வந்தது. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நடுவில் ஒரு கிளையில் உட்கார்ந்து, ஆடினவர்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பழம் தின்னப் போய்விட்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கூடைச் சுவர் உன் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது? எங்களுக்கு உன் தொப்பி தெரிகிறது.

நெலிடா

*

சரிவுக்கு இந்தப் பக்கம்,
ஏப்ரல் 12, சாயங்காலம்

அன்புள்ள நெலிடா,

இயந்திரம் நின்றதைக் கேட்டிருப்பாய். பழுது எதுவும் இல்லை. டீசலும் இருக்கிறது.

சுவர் நன்றாகத் தாங்குகிறது. மிச்சம் இருப்பது ஒரு மேடு மண்தான், விளக்கு வைப்பதற்குள் தள்ளியிருப்பேன். பக்கெட்டை மண்ணில் ஊன்றினேன், அந்தப் பக்கம் யாரோ கை தட்டுவது கேட்டது. அப்படியே அணைத்துவிட்டேன். வேலையாட்களிடம் எஞ்சின் சூடாகிவிட்டது என்றேன்.

பாதை திறந்துவிட்டால் தொட்டிலில் பால் மட்டும்தானே போகும். நேருக்கு நேர் நின்றால் நாம் என்ன பேசுவோம்? போன தடவை பேசியது உனக்கும் நினைவிருக்கும். எழுதும்போது உன் பக்கம் எது, என் பக்கம் எது என்று எனக்குத் தெரிகிறது. உட்கார்ந்து யோசிக்கவும் நேரம் இருக்கிறது. அதனால் இன்னும் ஒரு கடிதம் போய் ஒரு பதில் வரட்டும் என்று நிறுத்தினேன்.

இந்த வேலை முடிந்ததும் என்னை வேறு சாலைக்கு மாற்றுகிறார்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம், சரிவு விழும் காலம் முழுக்க இந்த மலைக்கு ஒரு ஓட்டுநர் வேண்டும் என்று என்ஜினியர் சொல்கிறார். காலையில் அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நான் வரட்டுமா?

உன்,
உபால்டோ

*

எலேச்சோஸ்,
அதே சாயங்காலம்

உபால்டோ,

கை தட்டியது நான்தான்.

எஞ்சின் சூடாகிவிட்டது என்றால் அனிபால் நம்பமாட்டார். “அந்தாளு பயப்படறாரு” என்று அப்போதே சொல்லிவிட்டார். எனக்கும் பயம்தான். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், தொட்டிலைக் கடைசியாக இழுக்க ஃபகுண்டோ காத்திருக்கிறார்.

இவர்கள் நாளைக்குப் போகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் தங்கள் பறவைச் சங்கங்களில் சொல்வதாக உறுதி தந்திருக்கிறார்கள், ஆகஸ்டில் அடுத்த குழு. அதற்கடுத்தும் வரும். நான் விடியும் முன்பே மலையேறிவிடுவேன், வீட்டில் சூடாகக் காபி இருக்காது. மேல்சரிவு காடாகவே இருக்கும், மாடு வராது, இதில் பேச்சே இல்லை. நான் முன்பு மாதிரி இல்லை. இப்போது நிறையச் சத்தமாகப் பேசுகிறேன், முன்னால் நடக்கிறேன், நில் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். இத்தனையும் உனக்குச் சம்மதம் என்றால் உன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வா. சம்மதம் இல்லை என்றாலும் சாப்பிட வா, கல் சுமந்தவர்கள் எல்லோருக்கும் நாளை இங்கே விருந்து, உனக்கும் ஒரு தட்டு உண்டு.

காலையில் சீக்கிரம் திற. கேஸ் சிலிண்டர் லாரி கீழே நிற்கிறது, பெண்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

முதலில் நீ வா. என்ஜினியர் பின்னால் வரட்டும்.

நெலிடா