போகாதே என்ற வசனம்

ஜூலை, ஞாயிறு இரவு

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி சுமாவை இன்று நன்றாகப் பயமுறுத்திவிட்டேன்.

கல்லூரி விடுமுறையில் நடிப்புப் பயிற்சிக்காக லண்டன் போயிருக்கும் என் மகள் நித்யா மாலையில் போனில் கூப்பிட்டாள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அழுகிற குரல். வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பெண் தன் அம்மாவிடம் கத்த வேண்டிய காட்சியாம். இவளுக்குக் கத்தவே வரவில்லை. நாளைக்கும் வராவிட்டால் வேடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"நீ அம்மாவா பேசும்மா. தமிழ்லயே பேசு, அப்பதான் எனக்கு வரும்."

எனக்கு ஒரே வசனம்தான். "போகாதே" என்றேன்.

"என்னம்மா, பால் பொங்குதுங்கற மாதிரி சொல்ற? கோபமா சொல்லு!"

இவள் விசாவுக்கு அலைந்த நாட்களில் நான் வாய் திறக்காமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மூன்றாவது தடவையில் வெளியே வந்துவிட்டது. "போகாதே நித்யா! போகக்கூடாது!"

உடனே, "போவேன்! நீ அழுதாலும் போவேன்!" என்று அவள் போட்ட கத்தல் அக்ரஹாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

சுமா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். "ஏனாய்த்து அக்கா, ஜகளவா?"

சண்டையில்லை, ஹோம்வர்க் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினேன். போனுக்குள் நித்யா, "வந்துடுச்சும்மா! வந்துடுச்சு!" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

தொண்டை இன்னும் கரகரக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நடிக்கத்தான் போவேன் என்று ஒருநாள் நிஜமாகவே வந்து நிற்பாள். அன்று என்ன சொல்வேனோ. போகாதே என்று மட்டும் சொல்ல முடியாது. சொன்னால், இன்னும் கொஞ்சம் கோபமா சொல்லும்மா என்பாள்.