சாப்பிட முடியாத கைம்மாறு

டிசம்பர் 6

பல் மருத்துவமனையில் தேநீர் நேரம் முழுக்க நண்டுப் பேச்சு. வருஷக் கடைசி வந்தால் ஊரில் எல்லாருக்கும் தர்ம சிந்தனை வந்துவிடுகிறது. பார்த்தே இராத ஏதோ ஒரு சிற்றூருக்கு நன்கொடை கொடுக்கலாம். இரண்டாயிரம் யென் தவிர மீதியெல்லாம் நம் வரியில் கழிந்துவிடும். நன்றிக்கு அந்த ஊர் நண்டோ மாட்டிறைச்சியோ அனுப்பும். கவாசாகியில் தர்மம் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிறது.

வரவேற்பில் என் பக்கத்தில் உட்காரும் அயானோ கேட்டாள்: "சிஹாரு அக்கா, நீங்க இன்னும் யாருக்கும் குடுக்கலையா? வரியா கட்டினா ஒரு இறால்கூட வராதுக்கா!"

வீட்டில் யசுஹிரோவும் அதேதான் சொல்கிறார். கட்டிய கணவர், பத்து மாதமாக நண்டு நண்டு என்கிறார்.

டிசம்பர் 13

சும்மா பார்ப்போமே என்று நன்கொடைத் தளத்தில் நான் பிறந்த ஹினோசவாவைத் தேடினேன். அரிசி. புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய். மூன்றாவதாக: "தங்கள் குடும்பக் கல்லறையைத் தங்களுக்குப் பதிலாகச் சுத்தம் செய்து, முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புவோம்."

அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போய் மூன்று வருஷம். கடைசியாக நான் போனது முதலாண்டு நினைவுக்கு. வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்றேன், அவ்வளவுதான். "நீ குடுக்கிற ரூமைவிட உன் ஃபிரிட்ஜ் பெருசுடி" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு போன். போன ஆகஸ்டில், முன்னோரைக் கும்பிடும் ஓபோனுக்குப் பேசினபோது, முழங்கால் போச்சு, கல்லறை மேட்டில் ஏறமுடியாது, அம்மா கல்லில் பாசி பிடித்துக் கிடக்கும், மகள் நீ வந்து கழுவு என்றார். கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இன்று பட்டனை அழுத்திவிட்டேன். மகள் கடமையும் முடிந்தது, வரியும் குறைந்தது.

யசுஹிரோ எட்டிப் பார்த்தார். "சாப்பிட முடியாததைப் போயி யாராவது வாங்குவாங்களா?"

டிசம்பர் 20

பனி உருகினால்தான் சுத்தம் செய்வார்களாம். அதுவரை அம்மா காத்திருக்க வேண்டும். பழக்கம்தான் அவளுக்கு.

ஏப்ரல் 28

படம் வந்துவிட்டது! முதல் படத்தில் பாசி, போன வருஷத்துச் சருகு. இரண்டாவதில் கல் பளபளவென்று இருக்கிறது. எழுத்துகளின் பள்ளத்தைக்கூடக் குச்சி விட்டுத் துடைத்திருக்கிறார்கள். ஊதுபத்தி, பூ எல்லாம் உண்டு. கல்லறைக்கு வழக்கமான செவந்தி வைக்காமல் நார்சிசஸ் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குச் செவந்தி வாசனை ஆகாது. தற்செயல்தான், இருந்தாலும் கண் கலங்கிவிட்டது.

கருத்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: "சொந்தக் குடும்பத்தார்கூட இவ்வளவு கவனமாகச் செய்யமாட்டார்கள்." யாரைக் குத்துகிறேன் என்று எனக்குத் தெரியும்.

அதோடு விட்டேனா? அப்பாவுக்குப் போன் வேறு.

"ஆள் வச்சுப் பண்ணிட்டேன்."

"தெரியும். நல்லாப் பண்ணியிருந்தானா?"

"உங்களைவிட நல்லா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என்ன மனுஷன் இவர்?

மே 8

ஹினோசவா முதியோர் வேலை மையத்திலிருந்து குமகாய் என்பவர் கூப்பிட்டார். கல்லறை வேலைக்கு ஆள் அனுப்புவது அவர்கள்தானாம். என் கருத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். "ஷோகிச்சி சார் தினமும் அது முன்னாடி நின்னு படிக்கிறாரும்மா."

எந்த ஷோகிச்சி என்றேன்.

"உங்கப்பாதாம்மா... அவரு சொல்லலையா? ஆர்டர் வந்தன்னிக்கே, இது என்னோடது, ஒருத்தன் கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு. மத்தவங்க ஒரு மணியில முடிப்பாங்க, அவரு காலையில ஏறினவரு மதியம்தான் இறங்கினாரு."

ஆக — அரசாங்கம் எனக்கு வரியைக் குறைத்து, என் அப்பாவுக்குக் கூலி கொடுத்து, அவர் பெண்டாட்டி கல்லை அவரையே கழுவ வைத்திருக்கிறது. நான் அவரிடமே போய் உங்களைவிட நல்லா என்று சொல்லியிருக்கிறேன். ஐயோ.

உடனே போன் போட்டேன். ஏம்ப்பா சொல்லல? முழங்கால் போச்சுன்னீங்களே, அதெல்லாம் பொய்யா?

"வாடிக்கையாளர்கிட்ட சொந்த விஷயம் பேசக்கூடாது. அது மையத்து விதி."

"அப்பா!"

"சும்மா ஏறிப் போகக் காலு வரலடி. மேடு பாதிவரைக்கும் போவேன், திரும்பிருவேன். வேலைன்னா போய்த்தானே ஆகணும்."

சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்தேன்.

ஜூன் 30

ஓபோனுக்கு வரட்டுமா என்று கேட்டேன். வாயெல்லாம் பல்லாகக் காத்திருப்பார் என்று நினைத்தேன்.

"சீசன்டி. பன்னெண்டு கல்லறை கையில இருக்கு. உன் கருத்தை ஊர் விளம்பரத்துல போட்டாங்க, ஆர்டர் குவியுது. டோக்கியோ, ஒசாகா, எல்லாப் பிள்ளைங்களும் பணம் கட்டிட்டாங்க. வர்றதுன்னா வா, ஆனா வாளி தூக்கணும்."

நான் போகாமல் தப்பிக்க எழுதிய ஒரு வரி, இன்னும் பன்னிரண்டு குடும்பங்களைப் போகாமல் தப்பிக்க வைத்திருக்கிறது. நல்ல சேவை.

ஜூலை 19

ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்கு வரிச்சலுகை கிடையாது, விசாரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12

ஹினோசவா. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலி. விடிந்ததிலிருந்து கீழே குழாயில் பிடித்து மேட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். யார் யாருடைய அம்மாவையோ அப்பாவையோ குளிப்பாட்டினேன். அப்பா மையத்தின் ஆரஞ்சு மேல்சட்டையில், பழைய பஸ் டிரைவர் அதிகாரத்தோடு.

"இந்தாளு என் பஸ்ல டிக்கெட்டே எடுத்ததில்ல. இருந்தாலும் நல்லாத் தேய்."

"படம் எடுக்கறப்ப தள்ளி நில்லு, நிழல் விழுது."

பன்னிரண்டும் முடிந்தது. கடைசியில் அம்மாவிடம் போனோம். பட்டியலில் அவள் பெயர் இல்லை. நான் கட்டியது ஒரு தடவைக்குத்தான். இரண்டாவது தடவைக்குக் கட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கட்டாததும் நல்லதாகப் போயிற்று.

அப்பா மேல்சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அம்மா தலையில் தண்ணீர் ஊற்றினார், இரண்டு கரண்டி. அப்படியே கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை போல, சத்தமாக. அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏப்ரல்ல முடியலடி. அது வேலை நேரம்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் அழுதேன்.

நாளை மறுநாளுக்குத்தான் திரும்பும் டிக்கெட். காலையில் ஸ்டேஷனுக்குப் போய், ஒரு வாரம் தள்ளிப் போடமுடியுமா என்று கேட்கவேண்டும்.