எல்லாத் திரையிலும் அம்மா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

இங்கே ஆபீஸில் படங்களெல்லாம் பக்கத்துக் கட்டடத்துப் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். எந்தத் திரையின் எண்ணைத் தட்டுகிறோமோ, அதில் தெரியும். அங்கே போட்டு வைத்திருந்த அம்மா போட்டோவை நேற்று பார்க்க ஆசைப்பட்டேன். எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டேன். மேனேஜர் திரையில் போய்ப் பொக்கைவாயோடு சிரித்தாள் அம்மா.

"யாருய்யா இந்தக் கிழவி?"

"தெரியல சார்."

உடனே மீசை வரைந்து எல்லோருடைய திரைக்கும் அனுப்பிவிட்டார். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். அடுத்த போட்டோவுக்கு மட்டும் பல்செட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேனேஜர் வருகிறார், முடிக்கிறேன். மீசையோடு அம்மா இன்னும் எல்லாத் திரையிலும் இருக்கிறாள். தெரியாது என்று சொன்னவன், எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்?

உங்கள் மகன்