கிழிந்த சத்தம்

ஏப்ரல் 8, திங்கள்

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மா தூங்கியாயிற்று. அப்பா முன்னறையில் டிவி பார்க்கிறார். சின்ன வயதில் நான் புரண்டு படுத்தாலே, "என்ன, தூக்கம் வரலையா?" என்று அங்கிருந்து குரல் கொடுப்பார். இப்போது தாளைக் கிழித்தாலும் தெரியாது. டிவி அவ்வளவு சத்தம்.

"ஊருக்கே சேத்து செய்தி வாசிக்கிறாங்களா?" என்று அம்மா இன்றும் திட்டினாள். அப்பா சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். "செவிடன் காதுல ஊதின சங்கு!" என்றாள் என்னிடம்.

நாளை பெரியம்மா மகள் வருகிறாள். சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்வது அக்காவின் வேலை. அப்பா வேலை செய்யும் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பதைப் பதிவு செய்யப் போகிறாள். லீவில் சும்மா இருக்கிற நான்தான் கையாள்.

எனக்கு வெடி என்றாலே பயம். மத்தியானம் அது கேட்டதும், அப்பாவின் சைக்கிள் மணி வாசலில் கேட்கும்வரை உயிர் என்னிடம் இருக்காது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 10, புதன்

அக்காவின் பை முழுக்க மைக். "எதுக்கு இத்தனை?" என்றேன்.

"ஒரு வெடிய ஒரே காதால கேட்டா பத்தாதுடி."

தூரத்துக்குத் துப்பாக்கி மாதிரி நீளமாக ஒன்று. பாறைக்குப் பக்கத்தில் வைக்க, மேடையில் பேசுகிற தடி மைக். அதற்குத் தோல் தடிப்பாம், எவ்வளவு கத்தினாலும் தாங்குமாம். சட்டையில் குத்துகிற குட்டி மைக் ஒன்று. காற்று இரையாமலிருக்க நீள மைக்குக்கு ரோம உறை. மீசை மாமா (அப்பாவோடு வெடி வைப்பவர்) அதைப் பார்த்து, "நாய்க்குட்டி கடிக்குமா?" என்று கேட்டார்.

குட்டி மைக்கை ஆட்கள் ஒதுங்கும் தகரக் கொட்டகையில் நான்தான் ஒட்டினேன். முதலில் சைரன். எல்லாரும் விலகிவிடுவார்கள். அப்பா மட்டும் ஒயர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். அவரைக் கூப்பிடத்தான் கடைசி விசில். அப்புறம் சூப்பர்வைசர் மேட்டுக்குப் பின்னாலிருந்து பட்டனை அழுத்துவார். அங்கிருந்து பாறை தெரியாது.

நாங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தோம். வெடித்ததும் ஹெட்போனைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தாள் அக்கா.

சாயங்காலம்தான் தெரிந்தது, குட்டி மைக்கின் சத்த அளவைக் குறைப்பதற்குப் பதில் முழுக்க ஏற்றி வைத்திருக்கிறேன். வெடி வரும் இடத்தில் துணி கிழிகிற மாதிரி கரகரவென்று இருக்கிறது.

"நல்லா கிழிச்சே போ! அழிச்சிடு. சனிக்கிழமை இன்னொரு வெடி இருக்கு."

ஏப்ரல் 11, வியாழன்

அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டேன். ஏன் கேட்டேன்?

அளவு ஏறியிருந்ததால் கூரையில் காக்கா நடப்பதுகூட விழுந்திருக்கிறது. சைரன். கொஞ்சம் கழித்து விசில். அப்புறம் மீசை மாமா குரல்.

"அண்ணே, விசில் ஊதியாச்சு. அண்ணே! யோவ், வாய்யா!"

ஓடுகிற சத்தம். தகரம் அதிர்கிறது. மூச்சு வாங்குகிறது.

"சாவுறதுக்கா அங்க நிக்கிறே?"

அப்பா: "ஊதிட்டாங்களா?"

அதற்கப்புறம் கிழிசல்.

ஊதிட்டாங்களா என்கிறார். கேட்கவே இல்லை அவருக்கு. டிவி சத்தம், அம்மா திட்டு, எல்லாம் — ஐயோ, யார்கிட்ட சொல்றது? சொன்னா வேலை போயிடும். சொல்லலன்னா? சனிக்கிழமை மாமா லீவுல இருந்தா?

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் சொல்ல வாயைத் திறந்தேன். "பல் வலிக்குதா?" என்றார் அப்பா. மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா கடைக்குப் போனதும், "கேட்டுப் பாருங்கப்பா" என்று ஹெட்போனை மாட்டிவிட்டேன். சைரன் வந்ததும் தலையாட்டினார். அப்புறம் காத்திருந்தார்.

"விசில் எங்கம்மா? அது பதிவாகலையா?"

"ஆகியிருக்குப்பா."

பதிவைப் பின்னால் கொண்டுபோய்ச் சத்தக் குமிழைத் திருகினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வெடிக்கு முன்னால் நிறுத்த விரல் பட்டன் மேலேயே இருந்தது. ஒரு இடத்தில் அவர் முகம் மாறியது.

"அண்ணேன்னு கூப்பிடுறான்..."

நிறுத்தினேன். ஒன்றும் ஓடாத ஹெட்போனைப் போட்டபடியே இருந்தார்.

"டிவிதான் மந்தமாச்சுன்னு நெனச்சேன். ஆளுங்க வாயப் பாத்துச் சமாளிச்சுடுவேன். விசில் ஊத மறந்துடுறாங்கன்னு அவங்களத் திட்டிக்கிட்டு இருந்தேன்..."

"சொன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்களாப்பா?"

"எனக்கும் அந்தப் பயந்தான்." ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "அப்ப இந்த வீட்ல பயந்தாங்கொள்ளி ரெண்டு!"

ஏப்ரல் 13, சனி

இன்று வெடி வைக்கவில்லை.

சைரனுக்கு முன்னாலேயே அப்பா எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாராம். சூப்பர்வைசர் கத்தினாராம். அப்புறம், "வேற யாருக்கெல்லாம் விசில் கேக்கல?" என்று கேட்டாராம். தயங்கித் தயங்கி இன்னும் ரெண்டு கை எழுந்ததாம்! இனிமேல் விசிலோடு சிவப்புக் கொடியும் ஆட்டுவார்கள். கடைசி ஆள் கொட்டகைக்குள் வந்ததாகப் பதில் கொடி தெரியாமல் பட்டனைத் தொடக் கூடாது. அப்பா இனி பாறைப் பக்கம் போக வேண்டாம், லாரி கேட்டில் இருக்கட்டும் என்றாராம்.

வேலை போகவில்லை. போகவில்லை.

"எனக்குத்தான் வெடி கெடைக்கல" என்றாள் அக்கா. "போகுது. சித்தப்பா முழுசா இருக்காரே."

ஏப்ரல் 25, வியாழன்

காது டாக்டர்: போனது திரும்பாது, மிச்சத்தை வைத்து நன்றாகவே ஓட்டலாம்.

சங்கு ஊதுவதை அம்மா விட்டுவிட்டாள்.

மே 21, செவ்வாய்

காது மெஷின் வந்துவிட்டது. அப்பா வீடு முழுக்க நடந்து எல்லாவற்றையும் குற்றம் சொல்கிறார். ஃபேன் முனகுகிறதாம். சைக்கிள் செயின், "இத்தனை நாள் இப்படியா கத்திக்கிட்டு வந்துச்சு?" என்று உட்கார்ந்து எண்ணெய் போட்டார். "இனிமே உங்க அத்தையப் பத்தி நிம்மதியா ஒரு வார்த்தை பேச முடியாது" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். "கேட்டுச்சு!" என்றார்.

அக்கா போனில், கிழிந்ததை அழித்தாயா என்றாள். இல்லை என்றேன்.

இப்போது டிவி ஓடுவதே தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன் —

"என்ன, தூக்கம் வரலையா? தாளு சத்தம் கேக்குது!"

டார்ச்சை அணைத்துவிட்டேன். இருட்டில் கோணல்மாணலாக எழுதுகிறேன்.

"இப்ப பேனா சத்தம்!" என்கிறார்.